பல் பார்த்து வாங்குவது

மாட்டுச் சந்தையில் தரகர் முதலில் மாட்டின் வாயைத்தான் பிரிப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது. தேனிப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் பழைய ஜீப்பின் கியர் பாக்ஸுக்கு ஒரு செகண்ட் கியர் வாங்கப் போன அன்று, பல்லை எண்ணாமல் காசை மட்டும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வண்டி மகிந்திரா 3பி. பெட்ரோல். வயதில் என்னைவிட மூத்தது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் முனகாமல் ஏறிய வண்டி, இறங்கும்போது செகண்ட் கியரிலிருந்து தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு அறுந்து, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது எப்படியிருக்கும் என்று மலைச்சாலையில் ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் கியர் ராடை இழுத்துப் பிடித்தபடி அடிவாரம் வந்து சேர்ந்தேன்.

பட்டறையில் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் அண்ணன், "செகண்ட் கியர் மொட்டையாயிருச்சு தம்பி, ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றார். நான் பஸ் ஏறிப் போய், பெரிய ஊர்க் கடை ஒன்றில், "ஜீப் செகண்ட் கியர்" என்று கேட்டு வாங்கி வந்தேன். எண்ணெய்க் காகிதம் சுற்றி, மினுமினுவென்று இருந்தது.

அண்ணன் சாக்பீஸை எடுத்து ஒரு பல்லின் தலையில் கோடு போட்டார். கட்டைவிரல் நகத்தால் பல் பல்லாகத் தள்ளி எண்ணிக்கொண்டே கோட்டுக்குத் திரும்பி வந்தார். பழையதையும் அப்படியே எண்ணினார். நம்பாமல் இரண்டையும் மறுபடி எண்ணினார்.

"ஒரு பல்லு கம்மியா இருக்கே தம்பி. இது வேற எதுக்கோ உள்ளது."

"பாக்க அச்சா அதே மாதிரி இருக்கேண்ணே?"

"அண்ணன் தம்பிகூட அச்சா ஒரே மாதிரி இருப்பாங்க. ஒருத்தன் செருப்பு இன்னொருத்தன் காலுக்குச் சேருமா?"

கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி இரண்டு வாரம் கல்லுக்கட்டி நின்றது. அந்த இரண்டு வாரத்தில் பட்டறைத் திண்ணையில் கேட்டதும், பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

ஒரு பல் குறைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று அன்று எனக்குத் தோன்றியது. முழுகும். ஏன் என்று பார்க்க அந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 3பி-யின் 2.2 லிட்டர் ஹரிகேன் இன்ஜின் தரும் உச்ச முறுக்கு விசை ஏறக்குறைய 155 நியூட்டன் மீட்டர். டர்போ வைத்த இன்றைய சின்னக் கார்கள் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆனால் ஜீப்பின் ஃபர்ஸ்ட் கியர் இதை 2.798 மடங்காக்குகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் போட்டால் அதற்குமேல் 2.46 மடங்கு. ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் இன்னொரு 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்குங்கள்: 37 வருகிறது. இன்ஜினின் பலம் சக்கரத்துக்கு வரும்போது 37 மடங்காகிவிடுகிறது, அதற்கு விலையாக வேகம் 37-ல் ஒரு பங்காகக் குறைகிறது. ஏலத்தோட்டத்துப் பாறைத் தடத்தில் ஜீப் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து ஏறுவது இப்படித்தான்.

இந்தப் பலம் முழுவதும் பல்லிலிருந்து பல்லுக்குக் கை மாறுகிறது. எந்த நொடியிலும் சுமை தாங்கிக்கொண்டிருப்பவை ஓரிரண்டு பற்கள் மட்டுமே. இன்புட் ஷாஃப்டின் பல்சக்கரத்துக்கு ஆரம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழுச் சுமையில் பல்லின் மேல் விழும் விசை 5,000 நியூட்டனுக்கு மேல். அரை டன் எடை. அதையும் பல் முழுப் பரப்பில் தாங்குவதில்லை. வளைந்த இரண்டு பரப்புகள் தொடும் இடம் ஒரு கோடுதான், அழுத்தத்தில் நசுங்கி அது ஒரு மெல்லிய பட்டையாகிறது, அவ்வளவே. இந்தப் பட்டை எவ்வளவு அகலமாகும், அதில் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதை முதலில் கணக்கிட்டவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். ஆம், பின்னாளில் ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்துக் காட்டிய அதே ஹெர்ட்ஸ்தான். 1880களின் தொடக்கத்தில், இருபதுகளின் நடுவில் இருந்தபோது, கண்ணாடி வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசிக்கப் போய் இந்தக் கணக்கைப் போட்டார். அந்தக் கணக்கின் வழியே பின்னால் தெரியவந்த ஒரு விஷயம் ஜீப்காரர்களுக்கும் வேண்டியது: உருண்டு தொடும் இரண்டு பரப்புகளில் சறுக்கு அழுத்தம் உச்சத்தில் இருப்பது மேல்தோலில் இல்லை, தோலுக்குச் சற்று உள்ளே. பழைய கியரின் பல்லில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழுவது பல சமயம் உள்ளிருந்து கிளம்பும் விரிசலால்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கள்ளப் பாகத்தைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

பாகம் தேடுவதற்கு முன் பெட்டி எது என்று தெரிய வேண்டும். எல்லாரும் சறுக்கி விழுவது இங்கேதான். வண்டியின் பெயரைச் சொல்லிக் கியர் கேட்பது, ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி ஆளைத் தேடுவதுபோல. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் கட்டிக்கொடுத்த ராணுவ ஜீப்பில் இருந்தது டி84 என்ற மூன்று வேகப் பெட்டி. போர் முடிந்து 1945இல் பொதுமக்களுக்கென்று ஜீப் வந்தபோது அதைவிடத் தடித்த டி90 வந்தது. இரண்டும் வார்னர் கியர் நிறுவனத்தின் வடிவமைப்பு. இரண்டும் பார்வைக்கு உறவு, உள்ளே பாகங்கள் வேறு. மகிந்திரா இந்தியாவில் கட்டிய பழைய பெட்ரோல் ஜீப்புகளில் இருந்ததும் டி90தான். பிறகு டீசல் இன்ஜின்கள் வந்தன. எம்எம் 540 காலத்தில் கேஎம்டி 90 என்ற நான்கு வேகப் பெட்டி வந்தது. பெயரில் 90 இருப்பதைப் பார்த்து டி90க்குச் சொந்தம் என்று நினைத்தவர்கள் உண்டு, அது முற்றிலும் வேறு சாதி. அப்புறம் பிஏ10, என்ஜிடி என்று ஐந்து வேகப் பெட்டிகள்.

இத்தனைக்கும் மேலே இன்னொரு சிக்கல். நம் ஊரில் முப்பது வருஷம் ஓடிய ஜீப்புக்குள் பிறந்தபோது இருந்த பெட்டியே இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இன்ஜின் மாற்றும்போது பெட்டியும் மாறியிருக்கும். ஆர்சி புத்தகத்தில் அது ஏறியிருக்காது. ஆகவே பெட்டியைத்தான் விசாரிக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டினால் வார்ப்பிலேயே எழுத்தும் எண்ணும் புடைத்து நிற்கும். அது தேய்ந்திருந்தால், பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழியை அண்ணன் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த வழி.

கழற்றி வைத்த பெட்டியில் ஃபர்ஸ்ட் கியரைப் போட வேண்டும். வெளியே வரும் ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு, உள்ளே போகும் ஷாஃப்டில் ஒரு கோடு. உள் ஷாஃப்டைக் கையால் சுற்றிக்கொண்டே வர, வெளி ஷாஃப்ட் சரியாக 10 சுற்று முடிக்கும்வரை எண்ண வேண்டும். 28 வந்தால் டி90. செகண்டில் போட்டால் 10க்குப் பதினைந்தரை. விகிதம் 1.551 என்று புத்தகத்தில் இருப்பதைச் சாக்பீஸும் கையும் சொல்லிவிடுகின்றன. ஒரே ஒரு சுற்று மட்டும் எண்ணினால் கண் தவறும், பத்துச் சுற்று எண்ணினால் தவறு பத்தில் ஒன்றாகிவிடும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஊசல் குண்டின் அலைவு நேரத்தை இருபது அலைவுக்கு எண்ணி வகுத்தோமே, அதே புத்திதான்.

இப்போது அந்த ஒரு பல் விவகாரம்.

கியர் பாக்ஸில் மெயின் ஷாஃப்டும் அதற்குக் கீழே கிடக்கும் லே ஷாஃப்டும் வார்ப்பில் துளைத்த ஓட்டைகளில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் இடைவெளி மாறாது. அந்த இடைவெளிக்குள் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பல்சக்கரங்கள் சரியாக அடைய வேண்டும். பல்லின் அளவு ஒன்றேயாக இருந்தால், இரண்டின் பற்களையும் கூட்டினால் வரும் தொகைதான் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. மேலே ஒரு பல் குறைந்தால் கீழே ஒரு பல் கூட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பற்கள் ஆழமாகக் கோக்காமல் நுனியில் தொட்டுக்கொண்டு ஓடும். ஓடும், அதுதான் ஆபத்து. சமதளத்தில் ஊளையிட்டுக்கொண்டே ஓடிவிட்டு, சுமையோடு மேடேறும்போது முறியும்.

பல்லின் அளவுக்கு வருவோம். மெட்ரிக் உலகம் இதை மாட்யூல் என்று சொல்கிறது. நேர்ப்பல் சக்கரமாக இருந்தால் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். வெளி விட்டத்தை வெர்னியரால் அளந்து, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுத்தால் போதும். 28 பல், வெளி விட்டம் 90 மில்லிமீட்டர் என்றால் 90ஐ 30ஆல் வகுக்க 3 மாட்யூல். அமெரிக்க வழக்கம் வேறு: ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பல் என்று எண்ணுவார்கள். அவர்களுடைய 8 என்பது நம் கணக்கில் 3.175 மாட்யூல். இந்த 3.175ஐயும் 3ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கு ஒன்றுதான். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு ஒன்றில் 9.97 மில்லிமீட்டர், மற்றதில் 9.42. பல்லுக்கு அரை மில்லிமீட்டர் வித்தியாசம். முதல் பல் சேரும், இரண்டாவது முறைக்கும், மூன்றாவது ஏறிக்கொள்ளும். அங்குலத்தில் பிறந்த பழைய ஜீப்புக்கு மில்லிமீட்டர் நாட்டுப் பல்சக்கரத்தை மாட்ட நினைப்பவர்கள் இந்த இடத்தில் மூக்கறுபடுவார்கள்.

செகண்ட் கியர்போலச் சாய்வுப் பல்லாக இருந்தால் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும், சாய்வுக் கோணம். சக்கரத்தின் ஓரத்தில் மையைத் தடவி வெள்ளைத்தாளில் நேராக உருட்டினால் பற்களின் தடம் கோடு கோடாக விழும். உருட்டிய திசைக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அதிலிருந்து தடம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பாகைமானியை வைத்துப் பார்த்தால் கோணம் தெரிந்துவிடும். மேல் சக்கரத்தின் சாய்வு வலம் என்றால் கீழ்ச் சக்கரத்தினுடையது இடமாக இருக்க வேண்டும், கோணம் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு வேண்டிய செலவு ஒரு ஸ்டாம்பு பேடு. வாங்கப் போகும் கடைக்கே எடுத்துக்கொண்டு போகலாம், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

லே ஷாஃப்டில் உள்ள பல்சக்கரங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே துண்டில் வெட்டியவை, கரகாட்டக் குடத்தின் அடுக்குமாதிரி. அதில் ஒரு அடுக்கில் ஒரு பல் போனால் முழுத் துண்டும் போயிற்று. அதை மாற்றினால், அதோடு இத்தனை காலம் தேய்ந்து பழகிய மேல் சக்கரங்களையும் மாற்றுவதுதான் முறை. பழைய பல் தேய்ந்து தேய்ந்து தன் இணையின் வடிவத்துக்குப் பணிந்துபோயிருக்கும். புதுப் பல்லோடு அது ஒத்துப்போகாது, சத்தம் போடும், புதியதையும் கெடுக்கும். "ஒரு கியர்தானே" என்று ஆரம்பித்த பில், மாப்பிள்ளைக்கு மோதிரம் என்று தொடங்கிய கல்யாணச் செலவுபோல ஏறுவது இதனால்தான். இந்தக் கட்டத்தில் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட்டால், பாகம் பாகமாக வாங்குவதைவிட ஓடுகிற நிலையில் உள்ள முழுப் பெட்டி ஒன்றை வாங்கிவிடுவது லாபம் என்று பல சமயம் தெரியவரும்.

எண்ணிக்கை, அளவு, கோணம் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியும் ஆறு மாதத்தில் பல் உதிர்கிறது. இதற்குக் காரணம் உலோகம்.

நல்ல கியர் ஒரே மாதிரியான இரும்பால் ஆனதில்லை. வெளித்தோல் வைரம்போல இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேயும். உள்நெஞ்சு இளகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளட்சைப் படாரென்று விடும் முதல் அதிர்ச்சியிலேயே கண்ணாடி வளையலாக உடையும். இரண்டையும் ஒரே துண்டில் கொண்டுவர ஒரு பழைய உத்தி இருக்கிறது. கார்பன் குறைந்த, 0.2 சதவீதம் அளவே உள்ள உருக்கில் முதலில் பல்லை வெட்டுவார்கள். பிறகு கார்பன் நிறைந்த சூழலில் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். கார்பன் மெல்ல மெல்லத் தோலுக்குள் ஊறி, அங்கே மட்டும் 0.8 சதவீதம் அளவுக்கு ஏறும். எண்ணெயில் முக்கிக் குளிரவைத்தால் கார்பன் ஊறிய தோல் இறுகிவிடும், உள்ளே இருப்பது இளக்கமாகவே நிற்கும். ஊறிய தோலின் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஊறுகாய்க்கு நாள் போதாவிட்டால் உப்பு தோலோடு நின்றுவிடுவதுபோல, உலையில் நேரத்தை மிச்சம்பிடித்தால் தோல் மெலிந்துபோகும்.

ஹெர்ட்ஸ் இங்கேதான் திரும்ப வருகிறார். சறுக்கு அழுத்தத்தின் உச்சம் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே. இறுகிய தோல் அந்த ஆழத்தைத் தாண்டி இறங்கியிருந்தால் தாங்கும். அதற்கு மேலேயே நின்றுவிட்டால், கடினமான தோலின் கீழே மெத்தென்ற இரும்பு நசுங்கி, சேற்றின் மேல் காய்ந்த பொருக்குபோலத் தோல் உடைந்து பெயரும். தோலை மட்டும் சோதித்தால் இது தெரியாது. ஆனால் தோலே இல்லாத கள்ளப் பாகத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன அரம் போதும். பல்லின் ஓரத்தில், வேலைக்கு உதவாத இடமாகப் பார்த்து, அரத்தை மெல்ல இழுங்கள். இறுகிய தோலில் அரம் பிடிக்காமல் கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கும். கடித்துப் பொடி உதிர்த்தால், அந்தக் கியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உள்ளூர் லேத் பட்டறையில் வெட்டித் தர மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டலாம். கோவையில் பல்சக்கரம் வெட்டுவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல கைகள். வெட்டிய பிறகு இறுக்கும்போது துண்டு நெளியும், அந்த நெளிவை மறுபடி சாணைபிடித்து எடுக்க வேண்டும். ஒரே ஒரு கியருக்கு இத்தனையும் செய்தால் கட்டுப்படியாகாது. பத்து ஜீப்காரர்கள் சேர்ந்து பத்துச் செட் போட்டால் யோசிக்கலாம். லேத்தில் தாராளமாகச் செய்துகொள்ளக் கூடியவை வேறு: வெண்கல புஷ், த்ரஸ்ட் வாஷர், ஷிம். கேஸ்கெட்டை விலைக்கு வாங்கவே வேண்டாம். கேஸ்கெட் பேப்பரை வார்ப்பின் மேல் விரித்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் விளிம்போரம் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனால் வார்ப்பின் விளிம்பே கத்தரியாகிவிடும். அண்ணன் இதை பீடியை அணைக்காமலே செய்வார்.

பேரிங் விஷயத்தில் உலகம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. ஜீப் கம்பெனி மறைந்தாலும் பேரிங் மறையாது, ஏனென்றால் அதன் அளவுகள் உலகப் பொதுமை. பழைய பேரிங்கின் விளிம்பில் கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்தால் எண் தெரியும். 6207 என்று இருக்கட்டும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 35. ஷாஃப்ட் நுழையும் துளை 35 மில்லிமீட்டர். முதல் 6, ஒற்றை வரிசைப் பந்து என்பதற்கு. நடுவில் உள்ள 2, உடம்பு எவ்வளவு தடி என்பதற்கு. 6205க்கும் 6305க்கும் துளை ஒன்றேதான், 25. வெளி விட்டம் ஒன்றுக்கு 52, மற்றதற்கு 62. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கடைப்பையன் கவனிக்க மாட்டான், நாம் கவனிக்க வேண்டும். என் என்ற எழுத்து இருந்தால் வெளி வளையத்தில் லாக் உட்காரக் காடி உண்டு. கியர் பாக்ஸில் பேரிங் நகராமல் பிடிப்பது அந்த லாக்தான், காடி இல்லாத பேரிங் அங்கே உட்காரவே உட்காராது. சி3 என்றால் உள்ளே சாதாரணத்தைவிடக் கொஞ்சம் தாராள இடைவெளி, சூட்டில் விரிவதற்கு. இதில் எனக்கு வியப்பாக இருந்த ஒன்று: அங்குலத்தைத் தவிர வேறெதையும் தொடாத அந்தக் கால அமெரிக்க ஜீப்பிலும் பந்து பேரிங்குகள் மில்லிமீட்டரில்தான் இருக்கின்றன. டேப்பர் ரோலர்கள் மட்டும் அங்குலம். ஒரு எச்சரிக்கை, பேரிங்கில் போலி ஏராளம். பெட்டியைப் பார்த்து ஏமாறாமல், ரசீது தரும் கடையில் வாங்குங்கள்.

சிங்க்ரோ ரிங் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை நிறைவேறாது. 1928இல் காடிலாக் கார்களில் முதலில் வந்த உத்தி இது. கியர் விழுவதற்கு முன் ஒரு பித்தளைக் கூம்பு, சுழலும் கியரின் எஃகுக் கூம்பைத் தழுவி, உரசலாலேயே இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. சமமாகும்வரை, கியரை ஷாஃப்டோடு பூட்டும் ஸ்லீவை உள்ளே விடாமல் தடுப்பதும் அதே ரிங்தான். டி90இல் செகண்டுக்கும் டாப்புக்கும் மட்டும் இது உண்டு. ஃபர்ஸ்ட் கியருக்கு இல்லை. பழைய டிரைவர்கள் வண்டி ஓடும்போது ஃபர்ஸ்டுக்கு மாற்ற டபுள் கிளட்ச் மிதிப்பது இதனால்தான். ரிங் நல்லதா என்று பார்க்க, அதைக் கூம்பின் மேல் வைத்து அழுத்தி, ரிங்குக்கும், ஸ்லீவ் கடிக்கும் கியரின் பக்கத்துச் சிறுபற்களுக்கும் நடுவில் ஃபீலர் கேஜை விட வேண்டும். புதியதில் ஒரு மில்லிமீட்டர் சுமார் இடைவெளி இருக்கும். பாதியாகக் குறைந்திருந்தால் ரிங் தேய்ந்து கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்தப் பித்தளைக்குச் சத்துரு எண்ணெய் டப்பாவில் இருக்கிறது. கியர் ஆயிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று தரம் போட்டிருப்பார்கள். ஐந்து நான்கைவிடப் பெரியது, ஆகவே உயர்ந்தது என்று வாங்குகிறோம். ஜிஎல்-5 ஆக்ஸிலில் உள்ள கிரவுன் பினியனுக்கானது. அங்கே பற்கள் கடுமையாக வழுக்கி உரசும் என்பதால் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகள் அதில் தூக்கலாக இருக்கும். அந்தக் கந்தகத்தில் சில வகை, சூட்டில் செம்பு கலந்த உலோகத்தைக் கருக்கி அரிக்கும். போதாக்குறைக்கு, வழுக்கல் அதிகமானால் கூம்பு பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. பித்தளை ரிங் உள்ள பழைய பெட்டிக்கு ஜிஎல்-4 போதும், அதுதான் சரியும்கூட. பெட்டியைப் பிரித்து ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது ரிங் போட்டுவிட்டு, கடைசியில் எண்ணெயில் கோட்டை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இனி, எங்கே தேடுவது. முதலில் ஒரு நல்ல செய்தி. பழைய ஜீப் அநாதை இல்லை. அமெரிக்காவில் பிறந்த 3பி-யை இங்கே மகிந்திராவும் ஜப்பானில் மிட்சுபிஷியும் தலைமுறைக் கணக்கில் கட்டினார்கள். இன்று அமெரிக்காவில் வில்லிஸைப் புதுப்பித்து அழகு பார்ப்பவர்கள் வாங்கும் பாகங்களில் இந்தியாவில் செய்தவையும் உண்டு. தில்லி காஷ்மீரி கேட் மொத்தக் கடைகளில் டி90 பாகம் கேட்டால் யாரும் விழிக்க மாட்டார்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலி பழைய ஜீப்பைப் பிரித்துக் கட்டுவதற்கென்றே பேர்போன ஊர். நமக்குப் பக்கத்தில் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்று விதி வந்துவிட்டதால் அரசு ஜீப்புகளும் கூட்டமாகக் கழிவுக்குப் போகின்றன.

காயலான் கடையில் பெட்டியைப் பார்க்கும்போது விலை கேட்பதற்கு முன் அடியில் உள்ள டிரெயின் நட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஒழுகும் எண்ணெயை உள்ளங்கையில் வாங்கி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறச் சேறாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். தங்கத்தூள்போல மின்னினால் சிங்க்ரோ ரிங் கரைந்திருக்கிறது. நகவெட்டுத் துண்டுபோல இரும்புச் செதில் வந்தால் பல்லின் தோல் பெயர்ந்திருக்கிறது, அடுத்த பெட்டிக்குப் போய்விடுங்கள். எண்ணெயே வராவிட்டாலும் அப்படித்தான்.

வேறு வண்டிக்காரர்களுக்கு நிலைமை வேறுவேறு. மாருதி ஜிப்சி 1985இல் வந்து 2019வாக்கில் நின்றது. அது சுசூகியின் எஸ்ஜே வண்டிகளின் தம்பி என்பதால் உறவு உலகம் முழுக்க இருக்கிறது. ஒரு லிட்டர் வண்டியின் நான்கு வேகப் பெட்டியையும் 1.3 லிட்டர் வண்டியின் ஐந்து வேகப் பெட்டியையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். லேண்ட் ரோவர்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எல்டி77 என்ற பெட்டியின் பெயரில் உள்ள 77, இரண்டு ஷாஃப்டுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில். அதற்குப் பின் வந்த ஆர்380இன் 380, அது தாங்கும் முறுக்கு விசை. வரிசை எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். வடிவமைப்பில் கை வைத்த ஒவ்வொரு முறையும் அந்த எழுத்தை மாற்றினார்கள். எழுத்தைச் சொன்னால் எந்தப் பாகம் என்று தெரிந்துவிடும். இந்த ஒழுங்கு நம் ஜீப்புக்கு வாய்க்கவில்லை.

என் செகண்ட் கியர் கதையை முடிக்கவில்லையே. சரியான கியரை இணையோடு சேர்த்து வாங்கிப் பூட்டும்போதுதான் அண்ணன் பழைய பின் பேரிங்கை ஆட்டிப் பார்த்தார். லொடலொடவென்று ஆடியது. ஷிஃப்ட் ராடைப் பிடிக்கும் குண்டின் ஸ்பிரிங்கும் தளர்ந்து கிடந்தது. ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்ந்ததால் ஸ்லீவ் முழுதாகக் கடிக்காமல், அதனால் சிறுபற்கள் மொட்டையாகி, அதனால் கியர் நழுவியிருக்கிறது. முதலில் போனது சில நூறு ரூபாய் பேரிங். கியர் நழுவினால் ஸ்பிரிங், ஃபோர்க், பேரிங் என்று மலிவான பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும். நாங்கள் விலை உயர்ந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டோம்.

உங்கள் வண்டியின் பெட்டி எப்போதாவது திறக்கப்பட்டால், மூடுவதற்கு முன் அரை மணி நேரம் கேளுங்கள். வார்ப்பு எண், ஒவ்வொரு கியரின் பல் எண்ணிக்கை, பேரிங் எண்கள் அவற்றின் வால் எழுத்துகளோடு, ஆயில் சீலில் அச்சிட்டிருக்கும் மூன்று அளவுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, செல்பேசியில் படமும் எடுத்து, ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். என் தாள் அந்தப் பையில்தான் இருக்கிறது. செகண்ட் கியரின் பல் எண்ணிக்கையை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.